இடுப்பு விளக்கு

முதலில் அட்டைதான் சொன்னது.
இடது கணுக்காலில் இரண்டு, விரலிடுக்கில் ஒன்று,
குடித்துத் திராட்சையாய்த் தொங்கியும்
கடித்தது எனக்குத் தெரியவில்லை.
அப்புறம் செருப்பு.
பொன்மனைச் சரிவில் எங்கோ கழன்று கிடக்க
வெறுங்காலோடு நாற்பது மரம் வெட்டியிருக்கிறேன்.
"எக்கா, இது ஒனக்க செருப்புல்லா"
என்று தூக்கிக்கொண்டு வந்தாள் பெல்சிட்டா.

மூட்டுத் தேய்வு என்றார் ஒருவர்.
எண்ணெய் போட்டு ஏழுநாள் திருமினார் ஒருவர்.
ராத்திரி படுத்தால்தான் வலி,
எழுந்து உட்கார்ந்தால் அடங்கும்.
படுக்க விடாத அதைப்
படுத்துத்தான் காட்ட வேண்டியிருந்தது,
நாகர்கோவிலில், குழாய்க்குள்,
டமடமவென்ற சத்தத்துக்கு நடுவே
என் மரங்களை எண்ணிக்கொண்டு.
முந்நூற்றுப் பத்தில்
நூற்றெழுபதாவதில் வெளியே இழுத்தார்கள்.

படத்தில் தண்டுவடம் ஒரு கயிறு.
நடுமுதுகில் மட்டும்
எலி விழுங்கிய பாம்புபோல் வீங்கியிருந்தது.
எபெண்டிமோமா.
சொல்லிப் பார்த்தேன்.
நர்சரியில் புதிதாய் வந்த
ரப்பர் கன்றின் பெயர்போல இருந்தது.
லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம்.
"களியக்காவிளை தாண்டிப் போய் எடுத்த லாட்டரி
ஒண்ணுகூட விழல்ல" என்ற வீட்டுக்காரர்
சிரிக்க முடியாமல் வராந்தாவுக்குப் போனார்.

திருவனந்தபுரத்தில் அந்த டாக்டருக்கு
என் தங்கை வயதுதான் இருக்கும்.
மாத்திரையில் கரையாது,
திறந்துதான் எடுக்கணும் என்றாள்.
"நடந்து வந்திருக்கீங்க.
அதுதான் நம்ம கையிலிருக்கிற முதல்.
படுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு
நடையைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம்."
எவ்வளவு ஆழம் வெட்டுவீங்க என்று கேட்டேன்.
அவள் நகத்தின் நுனியைக் காட்டினாள்.

பால் பட்டையில்தான் இருக்கிறது.
அதற்கும் உள்ளே தடியில் கத்தி பட்டால்
மரம் புண்ணாகி முண்டு கட்டும்.
தொடாமல் விடும் அந்த நூலிழைக்குத்தான்
எனக்குக் கூலி.
அவளுக்கும் அதுதான் கூலி என்று
கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மணி நேரம்.
காலில் ஊசி செருகி, ஒயர் மாட்டி,
கால் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வெட்டினார்களாம்.
ஆறாவது மணியில் வலதுகால் குரல் தாழ்ந்திருக்கிறது.
கத்தியை வைத்துவிட்டாள்.
அரிசிமணி அளவு உள்ளே ஒட்டியபடி.

"வளருமா?"
"வளரலாம். அது வளராமலே
நீங்க கிழவியும் ஆகலாம்.
ஆறு மாசத்துக்கு ஒருக்க படம் பார்ப்போம்.
வளர்ந்தா கதிர், இல்லேன்னா மறுபடி கத்தி."
எத்தனை வருஷம் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு
நிறைய என்றாள். எண் சொல்லவில்லை.

வெட்டிய பட்டை ஏழெட்டு வருஷத்தில் மூடி வரும்,
அதே இடத்தில் மறுபடி கத்தி போடலாம்.
முதுகைப் பற்றி அப்படிச் சொல்ல ஆளில்லை.

கண்ணை மூடினால் என் கால் காணாமல் போகிறது.
பலம் இருக்கிறது.
எங்கே இருக்கிறது என்பதுதான் இல்லை.
பார்த்தால்தான் பாதம்.
முதல் ஞாயிறு ஜெபத்தில் கண்மூடி நின்று
பெஞ்சுமேல் சரிந்தேன்.
ஆவி இறங்கிற்று என்று பாஸ்டர்
அல்லேலூயா சொன்னார்.
நானும் சொல்லிவைத்தேன்.

அதிகாலை மூன்று மணிக்குத்தான் பால் ஒழுங்காய் வடியும்.
இருட்டுக்கு நெற்றியில் ஒரே விளக்கு.
மரத்தைப் பார்த்தால் காலில்லை,
காலைப் பார்த்தால் மரமில்லை.
ஒன்பது மாதம் வீட்டிலிருந்து
ஷீட் அடித்துப் புகைபோட்டேன்.

சித்திரையில் குலசேகரம் சந்தையில்
இன்னொரு விளக்கு வாங்கினேன், முந்நூற்றைம்பது.
பழைய பெல்ட்டில் கோத்து
இடுப்பில், தரையைப் பார்க்கக் கட்டியிருக்கிறேன்.
வட்டமான வெளிச்சம்.
உள்ளே இரண்டு செருப்பு,
இரண்டுக்கும் பின்வார் தைத்தது.
இப்போதைக்கு எண்பது மரம்.

இன்று மேல்தட்டிலிருந்து பெல்சிட்டா
வெளிச்சம் இரண்டைப் பார்த்துவிட்டுக் கூவினாள்,
"எக்கா, ஒனக்க கூட ஆரு வாறது?"

அடுத்த படம் பத்தொன்பதாம் தேதி.
அதற்குள் இந்த வரிசைக்கெல்லாம்
மழைப் பிளாஸ்டிக் ஒட்டிவிட வேண்டும்.